படக்கதை காட்டிய பள்ளிக்கூடம்

மல்லேஸ்வரத்துத் தமிழ் இல்லங்கள் சிலவற்றில் இந்நாளில் புதியதொரு வழக்கு நடைபெறுகிறது. வாதி தந்தை, பிரதிவாதி மகனோ மகளோ. 'அனிமே' எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களை இரவெல்லாம் பார்ப்பதும், அது போதாதென்று அம்மொழியையே கற்கப் புறப்படுவதும் குற்றங்கள். இவ்வழக்கில் நாம் அறிந்தவற்றைச் சாட்சியாக வைக்கிறோம்.

படம் பார்த்து மொழி மீது ஆசை கொள்வது நகைப்புக்குரியதன்று. நம் 'முத்து' திரைப்படம் 1998-இல் ஜப்பானில் வெளியாகிப் பல வாரங்கள் ஓடியது. அதன்பின் அந்நாட்டு ரசிகர்கள் சிலர் ரஜினிகாந்த் படம் பார்க்கச் சென்னைக்கே வந்தனர். தமிழ் பேசவும் பழகினர். அதனைப் படித்து நாம் பெருமிதம் கொண்டோம். நம் பிள்ளைகள் செய்வதும் அதுவேயன்றோ?

நாம் நன்கு அறிந்த ஓர் இளைஞர் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான்கு ஆண்டுகள் அனிமே பார்த்ததில் பல சொற்கள் அவர் காதில் படிந்திருந்தன. பின்னர் வகுப்பிற் சேர்ந்தார். அங்கே அவர் கண்ட முதல் வியப்பு எழுத்து வரிசை. அ, இ, உ, எ, ஒ என உயிர்கள் நிற்கின்றன. பின்பு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசை செல்கிறது. பௌத்தத் துறவியர் வடமொழி எழுத்துகளைக் கற்றதன் பயன் இஃது என்பர். 736-இல் ஜப்பான் சென்ற இந்தியத் துறவி போதிசேனர், 752-இல் நாரா நகரத்துப் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்தார் என்பதும் வரலாறு.

இரண்டாவது வியப்பு வாக்கிய அமைப்பு. அங்கும் வினைச்சொல் இறுதியில் நிற்கிறது. 'நேற்று வந்த மனிதர்' என்பது 'கினோ கிதா ஹிதோ'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'தபெதே' என்றால் சாப்பிட்டு. 'மிரு' என்றால் பார்த்தல். இரண்டும் சேர்ந்தால் நம் 'சாப்பிட்டுப் பார்' என்னும் அதே பொருள்! சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளும் உறவுடையன என்றே வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு இருப்பினும் இல்லாவிடினும், தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இந்நடை எளிதில் கைவருகிறது.

இனி விழாக்கள். பெங்களூரில் 2012 முதல் 'காமிக் கான்' விழா நடந்து வந்திருக்கிறது. கதைமாந்தர் போல் வேடமிட்டு வருவோர் அங்கு ஏராளம். நம் இளைஞர் அட்டையில் வாள் செய்து, எட்டாம் குறுக்குத் தெருவில் துணி வாங்கித் தைத்து, சம்பிகே சாலை மெட்ரோ நிலையத்தில் வண்டியேறினார். ரயிலில் அனைவரும் அவரையே பார்த்தனர். புலிவேடத்தையும் யட்சகானத்தையும் கண்ட ஊருக்கு இது புதிதன்று. விழாவில், பெயரறியாத இளைஞர் பலர் ஒரே கதையைப் பேசி நண்பராயினர். ஆனால் ஜப்பானிய மொழி பேச அங்கு வாய்ப்பு அரிது.

மொழிக்கு உரைகல்லானது 'ஜப்பான் ஹப்பா'. ஹப்பா என்பது கன்னடத்தில் பண்டிகை. 2005-இல் தொடங்கிய இவ்விழாவில் மாணவரும் இந்நகர்வாழ் ஜப்பானியரும் கூடி ஆடிப் பாடுவர். அங்கே நம் இளைஞர் முதியவர் ஒருவரை 'ஓமாயே' என்று விளித்துவிட்டார். சண்டைக் கதை வீரர்கள் பகைவனை அழைக்கும் சொல் அது. நம் 'டேய், நீ' என்பதற்கு ஒப்பானது. முதியவர் சிரித்து, பெயரோடு 'சான்' சேர்த்து அழைக்கும் முறையைக் கற்பித்தார். பெரியவரை 'நீ' என்னாது 'மாமா', 'ஐயா' என்று அழைக்கும் பண்பை வீட்டில் பயின்றவர்க்கு அது உடனே விளங்கிற்று.

ஆசை வாயில்தான் திறக்கும். உள்ளே நடப்பது உழைப்பு. ஜப்பானியக் குழந்தைகளே ஆறாண்டுத் தொடக்கப் பள்ளியில் 1,026 சீன எழுத்துகளைக் கற்கின்றனர். ஜே.எல்.பி.டி. என்னும் தேர்வுக்கு 2010 முதல் ஐந்து படிகள். என்5 எளியது, என்1 கடினமானது. பெங்களூரிலும் சென்னையிலும் எழுதலாம். ஆனால் அத்தேர்வில் சொல்லும் இலக்கணமும், வாசித்தலும் கேட்டலும் மட்டுமே உண்டு. பேச்சுத் தேர்வு இல்லை. சான்றிதழ் வந்ததும் பேச்சு வந்துவிட்டதென்று எண்ணலாகாது. நம் இளைஞர் என்5 முதன்முறை தவறி, மறுமுறை தேறினார். ஜப்பானிய நிறுவனங்கள் பல உள்ள இந்நகரில் அது பயன்படலாம். அதனையே நம்பிப் படிப்பை விடலாகாது.

பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது இரண்டு. பள்ளிப் பாடம் கெடாதவரை இவ்வாசையைத் தடுக்காதீர். ஒரு வேற்று மொழியை மனமுவந்து கற்கும் பழக்கம் எளிதில் வருவதன்று. மற்றொன்று சற்று வருத்தந் தருவது. ஜப்பானிய எழுத்தை அழகுற எழுதும் அவ்விளைஞருக்கு, ஆம்பூரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் நான்கு வரி எழுதத் தெரியவில்லை. பேச்சுத் தமிழ் உண்டு. எழுத்துத் தமிழ் இல்லை. குறை அவருடையதன்று, அதன்மீது அவருக்கு ஆசை உண்டாக யாரும் எதுவும் செய்யவில்லை. ஜப்பானியர் தம் மொழியைப் படக்கதையில் வைத்து நம் வீட்டுக்கு அனுப்பினர். நம் மொழியை நம் பிள்ளைக்கு எதில் வைத்துத் தருகிறோம்? இன்றிரவு உணவுக்குப் பின், நல்ல தமிழ்க் கதையொன்றை உரக்கப் படித்துக் காட்டத் தொடங்குவோம்.