பள்ளிக்கூடத்தில் கைத்தொழில்

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்க வேண்டும் என்கின்ற பேச்சு, 2020-ம் வருஷத்திய தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மறுபடியும் பலமாய்க் கிளம்பியிருக்கிறது. இதைக் கேட்டவுடன் நம் தோழர்களில் பலர், "வந்தது பார் குலக்கல்வி!" என்று சீறுகிறார்கள். அவர்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை. 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாயிருந்தபோது, கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரப் பள்ளிக்கூடம் போதும், பாக்கி நேரத்தில் அவனவன் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்ததும், நாடே அதை எதிர்த்துக் கொதித்ததும், 1954-ல் காமராஜர் மந்திரிசபை ஏற்பட்ட பிறகே அது ஒழிந்ததும் யாவரும் அறிந்ததே. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

ஆனால் அதற்காக உளியும் வேண்டாம், தறியும் வேண்டாம், புஸ்தகம் ஒன்றே போதும் என்று நாமும் சொல்லத் தொடங்குவது எதிரியின் பாட்டையே நாம் பாடுவதாகும் என்பது நமது அபிப்பிராயம். கையால் வேலை செய்கிறவன் கீழ், உட்கார்ந்து படிக்கிறவன் மேல் என்பதுதானே ஐயா வருணாசிரமம்? அந்த எண்ணத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றிக்கொண்டு ஜாதியை ஒழிக்கப் புறப்படுவது எப்படி?

ஒரு சங்கதியைப் பாருங்கள். வீட்டுக்குக் கடைக்கால் போடும் கொத்தனார், மூலை சரியாயிருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடியும் மறு பக்கம் 4 அடியும் அளந்து குறி வைத்து, இரண்டு குறிக்கும் இடையே கயிறு பிடிக்கிறார். 5 அடி வந்தால் மூலை நேர், வராவிட்டால் கோணல். இதே கணக்கைப் பள்ளிக்கூடத்தில் பைதாகரஸ் தேற்றம் என்று பேர் சொல்லி, பையன் தலையில் குட்டி உருப்போட வைக்கிறார்கள். உருப்போட்டவனுக்குக் கயிறு பிடிக்கத் தெரியாது. கயிறு பிடிக்கிறவருக்கோ, அது ஏன் 5 ஆக வருகிறதென்று ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. புத்தியை ஒரு கூட்டத்துக்கும் கையை ஒரு கூட்டத்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்த லட்சணம் இது!

பின்லாந்து தேசத்தில் ஊனோ சிக்னேயஸ் என்பவருடைய முயற்சியால் 1866-லேயே மரவேலை முதலியவை பள்ளிப் பாடமாயின. தச்சன் மகனைத் தச்சனாக்குவதற்காக அல்ல. எல்லார் பிள்ளைக்கும் கண்ணும் கையும் புத்தியும் சேர்ந்து வேலை செய்வதற்காக. அங்கேயும் ஆணுக்கு மரம், பெண்ணுக்கு ஊசி என்று வெகுகாலம் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். 2016-ல் நடப்புக்கு வந்த பாடத்திட்டத்தில் இரண்டும் ஒரே பாடமாகிவிட்டது.

நம் தேசத்திலோ, 1937-ல் காந்தியாரின் வார்தா திட்டம், பிள்ளைகள் செய்யும் சாமானை விற்று உபாத்தியாயர் சம்பளத்துக்கு வழி பார்த்தது. படிக்க வந்த பிள்ளையா, கூலிக்கு வந்த ஆளா? இப்போதைய கொள்கையோ, 6 முதல் 8 வகுப்பு வரையில் 10 நாள் புஸ்தகப் பையில்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் தோட்டக்காரரிடமும் போய்ப் பழகச் சொல்லுகிறது. 10 நாளில் உளி தீட்டக்கூட வராது. வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். அதிலும் எந்தப் பிள்ளையை எந்தத் தொழிலுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கப் போகிறவர் யார்? தாழ்த்தப்பட்ட பிள்ளைகளையே பொறுக்கியெடுத்துக் கக்கூசு கழுவ விட்ட பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனை தரம் படித்திருக்கிறோம்!

ஆதலால் நாம் கேட்பது வேறு. பிள்ளையைப் பட்டறைக்குத் துரத்தாமல் பட்டறையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும். சீட்டுக் குலுக்கி வேலை கொடுக்க வேண்டும். தகப்பன் தொழில் வந்தால் வேறு சீட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அர்ச்சகர் மகன் தோல் தைக்கட்டும். செருப்புத் தைக்கிறவர் மகள் மின்சாரக் கம்பி இழுக்கட்டும். துப்புரவும் ஒரு பாடமென்றால், தலைமை ஆசிரியர் வீட்டுப் பிள்ளையின் பேரும் முறைப்பட்டியலில் இருக்கட்டும். இதற்குச் சம்மதிக்காத மேல்ஜாதிப் பெற்றோர், தொழிலுக்கு மரியாதை வேண்டும் என்று மேடையில் பேசுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று. 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்பயிற்சி, தையல், கம்ப்யூட்டர் முதலியவற்றுக்காக 16 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை மாதம் 5 ஆயிரம் ரூபாயில் பகுதிநேர ஆசிரியர்களாக வைத்தார்கள். பின்னால் அந்தத் தொகை உயர்ந்ததும் பல வருஷம் அவர்கள் தெருவில் நின்று போராடிய பிறகுதான். தையல் சொல்லிக் கொடுக்கிறவருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவருக்கும் ஒரே சம்பள விகிதம் என்று சர்க்கார் முதலில் உத்தரவு போடட்டும். பட்டறைக்கு இடம் எங்கே, மரம் எங்கே என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.