உள்ளே நமக்கு யாரைத் தெரியும்?

கிண்டி பொறியியல் கல்லூரி என்றதும் நம்மில் பலர் என்ன சொல்லுவோம்? "அதெல்லாம் பெரிய இடம்பா, நமக்கும் அதுக்கும் ரொம்ப தூரம்" என்றுதானே! பஸ் ஏறினால் பெங்களூர் நமக்குப் பக்கத்து ஊர். கிண்டி மட்டும் ஏனோ சீமையைவிடத் தூரமாகத் தெரிகிறது. அந்தக் கல்லூரியைப் பற்றி அதிகம் பேசப்படாத சில செய்திகளைச் சொல்லி, என் கருத்தையும் முன்வைக்கிறேன்.

முதல் செய்தி. அது பெரிய இடமாகத் தொடங்கவே இல்லை. 1794 மே 17-ல், கம்பெனி ஆட்சியில், மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் சென்னைக் கோட்டை அருகே ஒரு சர்வே பள்ளிக்கூடம் ஆரம்பமானது. மாணவர்கள் எத்தனை பேர் தெரியுமா? எட்டே பேர்! அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1792-ல்தான் நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. நிலத்தை அளந்தால்தானே வரி போட முடியும்? அளப்பதற்குச் சீமையிலிருந்து ஆள் கொண்டுவந்தால் செலவு அதிகம். அதனால் இங்கேயே பையன்களைச் சேர்த்து, நிலம் அளக்கவும் படம் வரையவும் பழக்கினார்கள். அதாவது, கையால் வேலை கற்கும் இடம். நம்ம பாலிடெக்னிக் மாதிரிதான்! அதுவே 1859-ல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்கு இடம் மாறி, 1978-ல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது.

இரண்டாவது செய்தி லலிதா அவர்களைப் பற்றியது. 15 வயதில் கல்யாணம். 18 வயதில், அதாவது இப்போது எனக்கு இருக்கும் வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். அப்படிப்பட்டவர் கிண்டியில் எலெக்ட்ரிகல் படித்து 1943-ல் இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர்களில் ஒருவராக வெளியே வந்தார். அவருக்குக் கொடுத்த சான்றிதழில் 'அவன்' என்ற பொருளில் அச்சாகியிருந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்களாம்! கூடப் படித்த திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. லலிதாவின் அப்பா சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்துறைப் பேராசிரியர். கல்லூரி முதல்வரிடம் பேசி மகளுக்கு அனுமதி வாங்கித் தந்தவர் அவர்தான். லலிதாவின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கதவைத் தட்ட உள்ளே ஒருவர் இருந்தார். நமக்கு யார் இருக்காங்க?

எங்க அம்மா ரோஜாத் தோட்டத்தில் பூ அறுக்கப் போறாங்க. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார். "நல்லாப் படி" என்று சொல்லத் தெரியும். எந்த ஃபாரத்தை எந்தத் தேதிக்குள் போடணும் என்று சொல்ல அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க? டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதே எங்க ஊர் அண்ணன் ஒருவருக்குத் தேதி முடிந்த பிறகுதான் தெரிந்தது. நல்ல மார்க் வாங்கியவர். இன்று காண்ட்ராக்ட் ஷிப்டில் இருக்கிறார். கம்பெனி வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை, அதுதான் எங்க தெருவுக்கே சோறு போடுகிறது. ஆனால் அந்த வேலை அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், தெரியாததால் போய் விழுந்த இடமாக இருக்கக் கூடாது.

"அதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது" என்பார்கள் சிலர். அரசாங்கம் செய்யாமல் இல்லை. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. ஆனால் திட்டம் வந்து வீட்டுக் கதவைத் தட்டாது. விவரம் தெரிந்தவன்தான் போய் வாங்குவான்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். வாரம் ஒரு மணி நேரம் சீனியர்கள் உட்கார்ந்து ஜூனியர்களுக்கு ஃபாரம் நிரப்ப உதவட்டும். மேற்படிப்பு, உதவித்தொகை, அப்ரண்டிஸ் தேதிகளைத் தனி போர்டில் எழுதிப் போடட்டும். பெற்றோர் கூட்டத்தில் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் விளக்கட்டும். நம் வீடுகளில் பேசும் பாஷை அதுதானே! வெளியே போன அண்ணன்களும் அக்காக்களும் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். ஆள்தான் வேண்டும். எத்தனை பேர் என்கிறீர்களா? கிண்டியே எட்டுப் பேரோடுதான் தொடங்கியது. நமக்கும் எட்டு சீனியர்கள் போதும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்!