ஒன்பது பாடல்களும் என் மதிப்பெண்களும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

"இது பாட்டா? ஒருவன் மூச்சு விடாமல் சண்டை போடுகிறான். பின்னால் இன்னொருவன் மேளம் தட்டுகிறான்!"

ராப் இசையைப் பற்றி என் தந்தையார் வழங்கிய தீர்ப்பு இது. டி.எம்.சௌந்தரராஜனோடு தமிழ்ப்பாட்டு முடிந்துவிட்டது என்ற கொள்கையுடையவர் அவர். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளைதோறும் நான் மேல்முறையீடு செய்துகொண்டுதான் இருக்கிறேன். வழக்கு இன்று ஆண்டு மலருக்கு வந்திருக்கிறது. வாசகர்களே நீதிபதிகள்!

முதலில் வழக்கின் வரலாறு. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு விருந்து நடந்தது. அங்கே இசைத்தட்டு சுழற்றியவர் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர். பாட்டின் நடுவே வெறும் தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியைக் கேட்டுத்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்று அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தத் தாளத்தை நீட்டினார். நீண்ட தாளத்தின் மேல் பேச்சு ஏறியது. பேச்சில் எதுகை ஏறியது. ஹிப்ஹாப் பிறந்தது! அந்தப் பிராங்க்ஸ் எப்படிப்பட்ட ஊர்? பெருஞ்சாலை ஒன்றுக்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்த ஊர். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

'மேல்நாட்டுச் சரக்கு நமக்கெதற்கு?' என்பார் உண்டு. தாளத்தின் மேல் சொல்லை ஓடவிடும் கலை நமக்குப் புதிதா? அருணகிரியாரின் திருப்புகழைச் சந்தம் பிசகாமல் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்; நாக்கு படும் பாடு தெரியும். தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகை லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு தரப்பார் விடிய விடியப் பாட்டால் மோதிக்கொள்ளவில்லையா? அவ்வளவு ஏன், நம் மின்சார ரயிலில் பெட்டியின் தகரத்தைத் தட்டிக் கானா பாடும் மாணவர் கையில் இல்லாத தாளமா?

தமிழில் இதன் வரவும் நேற்று நடந்ததன்று. 1994இல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் 'பேட்டை ராப்' வந்தது. 2006இல் மலேசியத் தமிழர்களான யோகி பி, நட்சத்ரா குழுவினர் 'வல்லவன்' என்ற தொகுப்பை வெளியிட்டனர். 2012இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' வந்தது. 2018இல் வந்த 'காலா' பாடல்களைத்தான் நான் இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன். பழைய தொகுப்பாயிற்றே என்பீர்கள். பா.இரஞ்சித் இயக்கி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த அந்தப் படம் வந்தபோது நான் பள்ளி மாணவன். ரஜினிக்காகக் கேட்டேன். இப்போது தாம்பரத்தில் ஏறி சைதாப்பேட்டையில் இறங்கும் கல்லூரி மாணவன். இன்று கேட்கும்போது வேறாகக் கேட்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்பது பாடல்கள். பத்துக்கு மதிப்பெண். மூன்றாண்டுகளாக எனக்கு மதிப்பெண் போட்ட பேராசிரியர்கள் பொறுத்தருள்க!

1. செம்ம வெயிட்டு: ஹரிஹரசுதனும் சந்தோஷ் நாராயணனும் பாட, டோப்அடெலிக்ஸ் குழுவினர் ராப் சொல்கிறார்கள். இந்தக் குழு மும்பைத் தாராவியைச் சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்க் குடியேறியவர்கள் நிறைந்த தாராவியில் தமிழும் இந்தியும் மராத்தியும் ஒரே குழாயடியில் நிற்கும். அந்தக் கலப்பு மொழி இப்பாட்டில் இருக்கிறது. குறை என்ன? தெருவின் குரலாக வந்த பிள்ளைகளைக் கதாநாயகனுக்குக் கட்டியம் கூற நிறுத்திவிட்டார்கள். கால்கள் ஆடுகின்றன, மனம் சற்று வருந்துகிறது. மதிப்பெண் 7.

2. தங்கச் செல: சங்கர் மகாதேவன், பிரதீப் குமார், அனந்து பாடியது. ராப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும் பேரப்பிள்ளை கண்ட வயதில் மனைவியைப் பார்த்து ஒருவர் பாடுவது நம் திரையில் எத்தனை முறை நடந்திருக்கிறது? என் தந்தையார் தலையாட்டிக் கேட்ட பாட்டு இது ஒன்றே. அதற்காகவே ஒரு மதிப்பெண் குறைக்கலாமா என்று யோசித்தேன்! மதிப்பெண் 6.

3. கற்றவை பற்றவை: யோகி பி, அருண்ராஜா காமராஜ், ரோஷன் ஜாம்ராக் மூவரும் சேர்ந்தது. தலைப்பைப் பாருங்கள். இரண்டு சொற்கள், ஓரெழுத்து வேற்றுமை. கற்றதைக் கொண்டு தீயை மூட்டு என்று பொருள் விரிகிறது. ஏடும் நெருப்பும் ஒரே எதுகையில் நிற்கின்றன. ராப் என்றால் வாய்க்கு வந்ததைக் கொட்டுவது என்பாருக்கு இந்தத் தலைப்பு ஒன்றே பதில். கல்லூரி வாயிலில் எழுதி வைக்கலாம்; முதல்வர் அனுமதிப்பாரா என்பது வேறு! மதிப்பெண் 9.

4. கண்ணம்மா: உமாதேவியின் வரிகள், பிரதீப் குமார், தீ குரல்கள். பாரதி தந்த பெயரை எத்தனை பேர் எடுத்துச் செலவழித்துவிட்டார்கள்! இங்கே அந்தப் பெயர் தேயவில்லை. பிரிந்தவர் சந்தித்தும் சேர முடியாத வலி இது. பல்லாவரத்துக்கும் திரிசூலத்துக்கும் இடையே கதவோரம் நின்று இதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மதிப்பெண் 9.

5. கண்ணம்மா, இசைக்கருவி இல்லாமல்: அனந்துவின் குரல் மட்டும். அலங்காரத்தைக் கழற்றிவிட்டும் பாட்டு நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. நிற்கிறது. ஆனால் அடுத்தடுத்து இருமுறை அழவைப்பது கொஞ்சம் கொடுமை. மதிப்பெண் 7.

6. உரிமையை மீட்போம்: எழுதியவர் அறிவு; பாடியவர்கள் விஜய் பிரகாஷ், அனந்து. நிலம் எங்கள் உரிமை என்று கூட்டமாக எழும் பாட்டு. படத்தின் உயிரே இதுதான். பாடல்கள் வெளியான அதே மே மாதத்தில், 22ஆம் நாள், தூத்துக்குடியில் ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் மாண்டனர். அதன்பின் இப்பாட்டைச் சினிமாப் பாட்டாக மட்டும் கேட்க முடியவில்லை. மறு ஆண்டு, 2019இல், அதே அறிவு திரைக்கு வெளியே 'தெருக்குறள்' என்ற தொகுப்பைத் தந்தார். மாண்டவர்களில் ஒருவரான ஸ்னோலின் பெயரிலேயே அதில் ஒரு பாட்டு உண்டு. கதாநாயகன் இல்லாமலும் ராப் நிற்கும் என்பதற்குச் சான்று அது. இந்தப் பாட்டுக்கு நான் போட்ட மதிப்பெண் 10. திருத்தப்பட்ட மதிப்பெண் பின்னால் வருகிறது.

7. போராடுவோம்: டோப்அடெலிக்ஸ். கோபம் உண்மையானது. ஆனால் கோபத்தை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் மூன்றாம் முறை கேட்கையில் காது பழகிவிடுகிறது. மதிப்பெண் 6.

8. தெருவிளக்கு: இதுவும் அவர்களுடையதே. படத்தில் இசைக்குப் போனதே தெரியாத பாட்டு. முதலில் நானும் தாண்டித்தான் போனேன். மதிப்பெண் 5.

9. நிக்கல் நிக்கல்: 'வெளியே போ' என்பதற்கான இந்திச் சொல். துரத்தப்பட்டவர்கள் துரத்துகிறவனைப் பார்த்து அதே சொல்லைத் திருப்பி வீசுகிறார்கள். நல்ல கற்பனை. மதிப்பெண் 7.

இந்தப் பட்டியலை என் வகுப்புத் தோழனிடம் காட்டினேன். அவன் பெரும்பாக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறவன். பிறந்தது அங்கேயன்று, சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீடு போயிற்று. பின்னர் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டபோது அவன் குடும்பமும் போனது. பழைய வீடு இருந்திருந்தால் கல்லூரிக்கு நடந்தே வந்திருப்பான். அவன் தாயார் இன்றும் சைதாப்பேட்டையில்தான் வீட்டு வேலை பார்க்கிறார். விடியுமுன் பேருந்து ஏறுகிறார்.

அவன் பட்டியலைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஆறாவது பாட்டுக்குப் பத்தா? நீ வெள்ளத்தப்போ எங்கடா இருந்தே?"

"முடிச்சூர் பக்கமும் தண்ணி வந்துச்சுடா. மொட்ட மாடியில இருந்தோம்."

"வடிஞ்சதும் கீழ இறங்கி அதே வீட்டுக்குள்ள போனீங்க இல்ல? நாங்க போகலை மச்சி. அந்தப் பாட்டுல கடைசியில ஜெயிச்சுடுறாங்க. எனக்கு அது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது எங்க பாட்டு இல்ல."

"அப்போ உன் பாட்டு எது?"

"எட்டாவது. தெருவிளக்கு. எங்க பழைய தெருவுல ஒரே ஒரு விளக்கு. அதுக்குக் கீழதான் படிப்போம், கேரம் ஆடுவோம், சண்டை போடுவோம். இப்போ ஏழாவது மாடியில வீட்டுக்குள்ள லைட்டு இருக்கு. கீழ எறங்கினா யாரையும் தெரியாது."

நான் பதில் பேசவில்லை. வரலாற்று மாணவனாகிய நான் பிராங்க்ஸ் நகரத்து இடிபாடுகளைப் புத்தகத்தில் படித்து வியந்தவன். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பிராங்க்ஸ் உட்கார்ந்திருந்ததை மூன்றாண்டுகளாகக் கவனிக்கவில்லை!

அன்று மாலை ரயிலில் எட்டாவது பாட்டை மூன்று முறை கேட்டேன். கிண்டியில் ஏறிய கூட்டம் பரங்கிமலையில் நெரிந்தது, குரோம்பேட்டையில் கரைந்தது. முன்பு நான் கேட்டது தாளத்தை மட்டும்தான். இப்போது அதில் பெரிய வாக்குறுதி எதுவும் இல்லை என்பது புரிந்தது. வெற்றி முழக்கமில்லை, கட்டியமில்லை. தன் தெருவைத் தன் மொழியில் சொல்லும் பிள்ளைகளின் குரல் இருந்தது. படத்துக்குள் அடங்காமல் தாராவியிலேயே நின்றுவிட்ட பாட்டு அது.

ஆகவே என் மதிப்பெண்களைத் திருத்துகிறேன். தெருவிளக்கு 9. உரிமையை மீட்போம் 9. தோழன் சொன்னதற்காக ஆறாவது பாட்டை நான் முற்றிலும் கைவிடவில்லை. நடக்காத வெற்றியைப் பாடுவதும் பாட்டின் வேலைதான். நடந்ததை மட்டும் பாடினால் ஏழைக்குப் பாட்டே இராது. ஆனால் பத்துக்குப் பத்து வாங்கும் பாட்டு இத்தொகுப்பில் இல்லை. அது இனிமேல் எழுதப்பட வேண்டியது.

எழுதியும் ஆகிவிட்டது என்பது என் கட்சி!

இந்த ஆண்டு கலைவிழாவுக்குத் தோழன் ஒரு ராப் எழுதினான். போட்டிப் பட்டியலில் மெல்லிசை உண்டு. கர்நாடக இசை உண்டு. நாட்டுப்புறப் பாடல் உண்டு. ராப் இல்லை. நாட்டுப்புறப் பாடலில் பெயர் கொடுத்தான். கையில் கருவி ஏதுமில்லை. நான்தான் பெஞ்சில் தாளம் தட்டினேன். ஆற்றங்கரையில் இருந்த வீடு, பக்கத்து வீட்டு ஆயா, பேருந்துக்கு நிற்கும் அம்மா, மின்தூக்கி நின்ற நாளில் ஏழு மாடி ஏறிய தண்ணீர்க்குடம் எல்லாம் வந்தன. அரங்கம் அமைதியானது. பிறகு கைதட்டல் எழுந்தது.

நடுவர் ஒருவர் கனிவாகவே கேட்டார்: "நன்றாக இருக்கிறது தம்பி. இது எந்த மாவட்டத்து நாட்டுப்புறப் பாடல்?"

"பெரும்பாக்கம், ஐயா" என்றான்.

சிரிப்பலை எழுந்தது. நடுவரும் சிரித்தார். விதிப்படி வகை பொருந்தவில்லை என்று பரிசு கிடைக்கவில்லை. நடுவரை நான் குறை கூறேன், விதி அப்படி. ஆனால் அந்தப் பதிலில் தவறென்ன என்றுதான் கேட்கிறேன். நாட்டுப்புறப் பாட்டு என்பது யாது? ஒரு மண்ணில் வாழும் மக்கள் தம் பாட்டைத் தாமே கட்டிப் பாடுவது. வயலில் நின்றவர் நடவுப் பாட்டுப் பாடினார்; ஏற்றம் இறைத்தவர் ஏற்றப்பாட்டுப் பாடினார்; இழவு வீட்டில் ஒப்பாரி எழுந்தது. ஏழாவது மாடியில் குடிவைக்கப்பட்டவன் எதைப் பாடுவான்? நட்டுக் காட்ட வயல் ஏது அவனுக்கு?

எனவே கலைவிழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு போட்டிப் பட்டியலில் ஒரு வரி கூட்டுங்கள்: 'ராப், தமிழில், சொந்தமாக எழுதியது.' மேடை செலவில்லை, கருவி செலவில்லை, தாளத்துக்கு ஒரு பெஞ்சு போதும். அப்போது நானும் தோழனும் இக்கல்லூரியில் இருக்கமாட்டோம். பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் வரப்போகும் தம்பிகள் இருப்பார்கள்.

தந்தையாருக்கும் தோழனின் பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். வழக்கமான தீர்ப்பை எதிர்பார்த்தேன். "அந்த ஏழு மாடி ஏறினது அவங்க அம்மாவா?" என்று மட்டும் கேட்டார்.

மேல்முறையீடு வென்றதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.