இராவணன் மீசை

எம்மூராகிய கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி என்னும் வேளிர் தலைவன் எடுப்பித்த மூவர் கோயிலுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளமே எஞ்சியுள்ளது. அவ்வடித்தளத்தையும் தொல்லியல் துறையினர் பேணிக் காக்கின்றனர். அது முறையே. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே கிடந்த 21 தீவுகளுள்ளும் இரண்டு கடலுள் மூழ்கிவிட்டன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் அவற்றின் பெயரையேனும் அறிந்தவர் நம்முள் எத்துணையர்?

பவளப் பாறைகளை மக்கள் வெட்டியெடுத்தமை அவ்வழிவிற்குப் பெருங்காரணம் என்பர். எஞ்சிய தீவுகளின் மணலைப் பற்றி நிற்பனவற்றுள் ஒன்று இராவணன் மீசை என்னும் புல். அதில் ஆண் செடி வேறு. பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர், நாற்புறமும் முட்கள் நீண்ட பந்தாக முதிர்ந்து, காம்பற்று வீழ்ந்து, காற்றில் உருண்டோடி வித்துக்களைச் சிந்தும். அம்முட்களைக் கண்டே அரக்கர்கோன் மீசையை நினைந்து பெயரிட்டனர் போலும்! தண்டோ மணலில் நெடுக ஓடிக் கணுத்தோறும் வேரூன்றும். காற்றுக் கொணரும் மணலைத் தடுத்து மேடாக்கும்.

புல் ஒன்றே தீவைக் காத்துவிடும் என்று கூறேன். எனினும், இதனைக் களையெனப் பறித்தெறிந்து, கரையைத் தூய்மை செய்தோம் என மகிழ்வாரை யான் ஒப்பேன். 1986-இல் அத்தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆண்டுக் காவல் உண்டு. நாம் உலாவும் கரைகள் பலவற்றிற்கு அக்காவல் இல்லை. மாணவர்களே, அங்கு முட்பந்து உருளக் காணின், மிதித்து நசுக்காது அதன் வழியே போகவிடுங்கள்.