பின்சாய்கோடு செய்த குறும்பு

சென்ற மாதம், என்னிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் தமது மடிக்கணினியுடன் வீட்டுக்கு வந்தார். பெற்றோரின் திருமணப் படம் முதலாக ஐம்பது ஆண்டுக் குடும்பப் படங்களை அதில் சேர்த்து வைத்திருந்தார். வெளிநாட்டிலுள்ள தமக்கைக்கு அனுப்பும் பொருட்டு அவற்றை ஒரு வன்தட்டுக்குப் படியெடுத்தாயிற்று என்றும், கணினியில் இடம் போதாமையால் மூலத்தை அழித்துவிடலாமா என்றும் வினவினார். "முதலில் தட்டைத் திறந்து காட்டும், தம்பி" என்றேன். உள்ளே ஒன்றுமில்லை!

விண்டோஸில் ரோபோகொப்பி என்றொரு கட்டளை உண்டு. அதை ஒரு கோப்பில் எழுதி இருமுறை சொடுக்கியிருக்கிறார். கரிய சாளரம் தோன்றி மறைந்தது. பிழைச் செய்தியும் அதனோடு மறைந்ததை அவர் அறிந்தாரில்லை.

அவர் எழுதியது இது:

ரோபோகொப்பி "டி:\ஓல்ட் போட்டோஸ்\" "ஈ:\போட்டோஸ்"

பெயரினிடையே வெளி இருப்பதால் மேற்கோட்குறி வேண்டியதே. பிழை, அக்குறிக்கு முன் நின்ற பின்சாய்கோட்டில் உள்ளது. 'இம்மேற்கோள் முடிவுக்குறியன்று, வெறும் எழுத்தே' என்று கணினி பொருள் கொண்டுவிடுகின்றது. மேற்கோள் மூடப்படாமையால் புறப்படுமிடமும் சேருமிடமும் ஒன்றாய் ஒட்டிக்கொள்கின்றன. சேருமிடமே இல்லாதபோது எங்கே படியெடுப்பது?

இக்கோடு பிறந்த கதையும் சுவையானது. 1961இல் பொப் பீமர் என்பார் கணினி எழுத்து வரிசையில் இதனைச் சேர்க்க முன்மொழிந்தார். 1981இல் வந்த டொஸ் முன்சாய்கோட்டை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டமையால், 1983இல் கோப்புறைகள் வந்தபோது அவற்றைப் பிரிக்கும் பணி பின்சாய்கோட்டுக்கு வாய்த்தது. சி மொழி மரபிலோ, அடுத்த எழுத்தின் பொருளை மாற்றுவதே இதன் தொழில். ஒரே ஆளுக்கு இரண்டு உத்தியோகம், குழப்பம் வராதிருக்குமா?

இறுதிப் பின்சாய்கோட்டை நீக்கினால் போதும். ஆனால் முழுத் தட்டையும் குறிக்கும் "டி:\" என்பதில் நீக்கலாகாது. வெறும் டி: என்பது, அத்தட்டில் அப்போது நிற்கும் கோப்புறையையே சுட்டும். அங்கே "டி:\\" என இரட்டித்து எழுதுக. வேர்ட் செயலியில் எழுதி ஒட்டுவோருக்கு இன்னொரு தொல்லை: அது நேர்க்குறியை வளைகுறியாக்கிவிடும். வளைகுறியைக் கட்டளைச் சாளரம் மேற்கோளாக ஏற்பதில்லை.

சாளரம் மறையாதிருக்க, 'போஸ்' என்னும் சொல்லைக் கடைசி வரியாகச் சேர்த்து மீண்டும் இயக்கினோம். முடிய முக்கால் மணி சென்றது. இரு புறத்துக் கோப்புகளையும் எண்ணிச் சரிபார்த்த பின்னரும், மூலத்தை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. "இன்னொரு தட்டு வாங்கிக் கொள்கிறேன், சேர்" என்று சொல்லிச் சென்றார்.