யாருடைய சங்கீதம்?

எங்கள் நீலகிரியில் சில கனவான்களுக்கு ஒரு விசித்திரமான கோபம் உண்டு. சீனத்திலிருந்து வந்த தேயிலையைப் பருகிக்கொண்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரத்தின் நிழலில் நடந்துகொண்டு, வெள்ளைக்காரன் 1899-ல் குன்னூர் வரை ஓட்டிய ரயிலை ‘நம்ம ரயில்’ என்று விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டு, ‘நீர் கேட்பது நம் சங்கீதமா ஐயா?’ என்று என்னிடம் கேட்பார்கள். நாற்பது வருஷங்களாக நான் ஜெத்ரோ டல் என்னும் ஆங்கில ராக் கோஷ்டியின் ரசிகன். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு மனப்பாடம்.

1967-ல் தொடங்கிய கோஷ்டி அது. பெயர், 1701-ல் விதைக்கும் கருவி ஒன்றை அமைத்த ஆங்கில விவசாயியின் பெயர். தலைவர் இயன் ஆண்டர்சன் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் வாசிப்பார். நம் வீட்டுக் காலண்டரில் நிற்கிற அதே கோலம். பக்கத்தில் பசு இல்லை, அவ்வளவுதான்! 1972-ல் அவர்கள் வெளியிட்ட ‘திக் ஆஸ் எ பிரிக்’ இசைத்தட்டில் இருப்பது ஒரே பாட்டு. ஏறக்குறைய நாற்பத்து நான்கு நிமிஷம். பாதியில் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். பெரிய பெரிய கதைகளைத் தட்டில் அடக்கும் அந்நாளைய மோகத்தைக் கேலி செய்யத்தான் ஆண்டர்சன் அதை எழுதினார், கேலியே காவியமாகிவிட்டது.

குன்னூரின் அடைமழை நாட்களில் அந்த ஒலிநாடாவைத் தேயத் தேயக் கேட்டிருக்கிறேன். தொடக்கத்தில் தனிக் கிதாரில் வந்த மெட்டு, எங்கெங்கோ அலைந்துவிட்டுக் கடைசியில் வீடு திரும்பும். அது திரும்பும் வரை காத்திருக்கப் பழகினேன். நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறு எது?

‘இருக்கலாம், ஆனால் அந்நியச் சரக்குதானே?’ என்பார்கள். பிடில் எந்த ஊர்ச் சரக்கு? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று அது இல்லாமல் கச்சேரி மேடை ஏறுகிறதா? தீட்சிதரே மேல்நாட்டு மெட்டுக்களில் சம்ஸ்கிருத சாகித்தியம் செய்தவர். பிறர் இசையைக் காது கொடுத்துக் கேட்டதனால் அவர்கள் யாரும் குறைந்துபோகவில்லை.

சரி, ‘நம் சங்கீதம்’ என்று நெஞ்சைத் தட்டிக்கொள்கிறவர்களுக்கு நானும் ஒரு பரீட்சை வைக்கிறேன். இந்த மலையின் சங்கீதம் எது? பானை வனைந்து, இரும்படித்து, இசையும் வாசித்து வாழ்ந்த கோத்தர்கள் இங்கே ஏழு ஊர்களில் இருக்கிறார்கள். கொள் என்னும் குழல், வளைந்த கொம்பு, பறைகள் - இவைதாம் அவர்கள் வாத்தியங்கள். தோடர் வீட்டுச் சாவுக்கும் படகர் வீட்டுச் சாவுக்கும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் இசைதான் வழியனுப்பியது. 1930-களில் படகர்களுக்குள்ளேயே ‘இந்த இசை வேண்டாம்’ என்று சீர்திருத்தக் குரல் எழுந்தது. அந்தத் தொடர்பு அறுந்த பிறகும், தங்கள் தெய்வத்துக்காகவும் தங்கள் இறந்தோருக்காகவும் கோத்தர்கள் வாசிக்கிறார்கள். குளிர்காலத்தில் பல நாட்கள் நடக்கும் அவர்கள் திருவிழாவில் குழலும் பறையும் இரவெல்லாம் ஒலிக்கும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் உல்ஃப் அவர்களிடம் வந்து தங்கிக் கற்று, ஒரு முழுப் புத்தகமே எழுதினார். என்னைக் கேள்வி கேட்கும் கனவான்களில் எத்தனை பேருக்கு அந்த ஏழு ஊர்களின் பெயராவது தெரியும்?

தெரியாது. ‘அதெல்லாம் சாவு மேளம்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். அல்லது ஏதாவது விழா மேடையில், அமைச்சர் வருவதற்கு முன் ஐந்து நிமிஷம் ‘பழங்குடி நடனம்’ என்று அறிவித்துக் கைதட்டி அனுப்பிவிடுவார்கள். இரவு முழுவதும் விரிய வேண்டிய இசைக்கு ஐந்து நிமிஷம்! அந்நிய மோகம் நம் இசையைக் கெடுக்கிறது என்று புலம்புகிறார்களே, இதைக் கெடுத்தது எந்த ஆங்கிலேயனின் கிதார்? நம்முடைய செவிட்டுத்தனமும், அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஜாதித் திமிரும் அல்லவா?

நாற்பத்து நான்கு நிமிஷப் பாட்டுக்குப் பழகிய காது, கோத்தர் குழலின் நீண்ட சுழற்சிக்கும் பொறுமையோடு காத்திருக்கும். இது என் அனுபவம். ஒரு சங்கீதத்தை உண்மையாக நேசித்தவன் இன்னொன்றை இழிவாகப் பேச மாட்டான். எதையும் முழுதாகக் கேட்டறியாதவனுக்குத்தான் எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட் பார்க்கத் தோன்றும்.

ஆகவே, கனவான்களே, என் ஒலிநாடாவைப் பறிமுதல் செய்யுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். விழாக்காரர்களிடம் சென்று, கோத்தர்கள் கேட்கும் நேரத்தையும் கேட்கும் மரியாதையையும் கேட்கும் ஊதியத்தையும் அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்தபின், முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசி வரை கேளுங்கள். அதற்குப் பிறகு எது நம் சங்கீதம் என்று பேசலாம்.