குறை எவரிடம்?

காப்பி மணக்காத காலை நம் இல்லங்களில் அரிது. சுவை சற்றே குன்றினால் கலந்து தந்தவரைக் குறைகூறுகிறோம். ஆனால், நாம் பருகுவது யாதென அறிந்தோமா?

பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்கப் பருகிய பானம் இது. 1511இல் மக்காவில் இதற்குத் தடை விதித்தனர். தடை நிலைக்கவில்லை, பானம் நிலைத்தது. பாபா புதன் என்னும் பெரியார் ஏழு விதைகளைக் கொணர்ந்து சந்திரகிரி மலையில் ஊன்றினார் என்பது கன்னட நாட்டுச் செவிவழி மரபு.

அரபு நாட்டார் இளவறுப்பான கொட்டையை ஏலக்காயுடன் காய்ச்சுவர். துருக்கியர் மாவெனப் பொடித்துக் காய்ச்சி, வடிகட்டாது பருகுவர். நாமோ பில்டரில் சொட்டுச் சொட்டாய் இறங்கும் டிகாஷனில் பால் சேர்க்கிறோம். முறைகள் பல, விதி ஒன்றே. பொடி நுண்ணியதாயின் சாறு விரைந்து இறங்கும். அளவு மீறி இறங்கினால் கசக்கும்.

கருமையே தரம் என்பது நம் மயக்கம். கலவைப் பொடியில் 49 விழுக்காடு வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது. அது வறுத்த வேர், நஞ்சன்று. விரும்புவோர் அறிந்தே வாங்கட்டும். அறியாது வாங்கிவிட்டு, அடுப்படியில் நிற்கும் தாயைக் கடிந்துகொள்வது அறமாகுமா?

எனவே முதலில் உறையைப் படிப்போம். பிறகு ஒருநாள் நாமே கலந்து, அன்னையிடம் நீட்டுவோம். குறைகூறும் உரிமை அன்று அவருக்கு உரியதாகட்டும்!